உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியருக்கு எவ்வளவு செல்வாக்கு?
வாசகர் கேள்வி – பதில்

உள்ளூர்ப் பத்திரிகைகளும் உள்ளூர் அரசியலும் பற்றி வன்னியின் பல பக்கங்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்திருக்கிறோம்.

எங்கட பக்கம் வாற வாரப் பத்திரிகை ஆயிரம் பிரதிகூட விற்காது. ஆனால் தவிசாளரும் எம்.பி.யும் அதன் ஆசிரியரைக் கண்டால் கதிரையை விட்டு எழும்புகினம். அப்பிடி என்ன இருக்கு அவரிட்ட?
– கமக்காரர், வட்டக்கச்சி

எத்தனை பிரதி விற்கிறது என்பதை விட, எங்கே போகிறது என்று பாருங்கள். கச்சேரிக்கு ஒன்று, பிரதேச செயலகத்துக்கு ஒன்று, பிரதேச சபைக்கு, கமநல சேவை நிலையத்துக்கு, சந்திச் சலூனுக்கு, தேத்தண்ணிக் கடைக்கு ஒவ்வொன்று. சலூன் பிரதி கிழமை முடியுமுன் கிழிந்து தொங்கும். அத்தனை கை பட்டிருக்கும். செயலகப் பிரதியைப் புரட்டுகிறவர்கள் குறைவு. ஆனால் அங்கே ஒருவர் கத்தரிக்கோலோடு இருப்பார். தங்கள் பிரிவைப் பற்றிய செய்தி வெட்டுப்பட்டு, திகதி எழுதப்பட்டு, கோப்பில் ஏறும். கோப்பில் ஏறிய கேள்விக்கு யாராவது குறிப்பு எழுதியே ஆகவேண்டும். வாயால் சொன்ன முறைப்பாட்டுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அதே துண்டு பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குப் போனால், எம்.பி.யும் திணைக்களக்காரரும் சங்கக்காரரும் ஒரே மண்டபத்தில் இருக்கும்போது எழுப்பப்படும்.

அடுத்தது வட்டாரக் கணக்கு. 2018 தேர்தலிலிருந்து உள்ளூராட்சி சபைகளில் 60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரம். விருப்பு வாக்கு இல்லை. சிறிய வட்டாரத்தில் சில பத்து வாக்குகள் ஆளை ஏற்றும், இறக்கும். உறுப்பினர் நின்று கட்டுவித்த மதகு முதல் மாரிக்கே இறங்கிவிட்டது என்று படத்தோடு வந்தால் கொழும்பில் யாருக்கும் அது செய்தியில்லை. அந்த வட்டாரத்தில் அதுதான் தேர்தல்.

அதிகாரிகள் உண்மையில் பயப்படுவது திரும்பக் கேட்கும் ஆசிரியருக்கு. ஒரு தரம் வந்த செய்தி பழைய பேப்பரோடு போய்விடும். 'முப்பது நாளில் முடியும் என்றார். இன்று 94ஆவது நாள்' என்று ஒரே மூலையில், ஒரே பெட்டியில், கிழமைக்குக் கிழமை எண் ஏறிக்கொண்டு வந்தால் பொறியியலாளர் தானாகத் தொலைபேசி எடுப்பார்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று இருக்கிறது. மரண அறிவித்தலில் இறந்தவரின் பெயரும் தகனம் எத்தனை மணிக்கு என்பதும் சரியாக இருக்கவேண்டும். இரணைமடுக் குளத்தில் இந்தச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், எந்தத் திகதியில் தண்ணீர் என்று பயிர்ச்செய்கைக் கூட்டம் எடுத்த முடிவு பிழையில்லாமல் வரவேண்டும். தண்ணீர் திறக்கிற திகதியைப் பிழையாகப் போட்டவர் தவிசாளரைப் பற்றி எதை எழுதினாலும் சனம் சிரித்துவிட்டுப் போகும்.

தலையங்கம் நடுநிலையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு கட்சிப் பக்கம் சாய்வதுபோலத் தெரிகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஆசிரியை, வவுனியா

தலையங்கத்தைத் தாண்டிவிடுங்கள். அதை முழுதாக வாசிப்பவர்கள் மற்றப் பத்திரிகைக்காரர்தான்.

செய்தியின் வினைமுற்றைப் பாருங்கள். தமிழில் வாக்கியத்தின் கடைசிச் சொல்லில்தான் ஆசிரியர் உட்கார்ந்திருப்பார். 'என்றார்' ஒரு பக்கமும் சாயாது. 'சுட்டிக்காட்டினார்' என்றால் சொன்னது உண்மை என்று முத்திரை குத்தியாகிவிட்டது. 'குற்றஞ்சாட்டினார்' என்றால் ஆசிரியர் இரண்டு அடி தள்ளி நிற்கிறார். 'மழுப்பினார்' என்றால் கையை ஓங்கிவிட்டார். ஒரே கூட்டத்தில் ஒரு கட்சிக்காரர் சுட்டிக்காட்டவும் மற்றவர் குற்றஞ்சாட்டவும் செய்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

பிறகு எழுவாய். 'எம்.பி. தனது நிதியில் வீதியைத் திருத்திக் கொடுத்தார்' என்று வரும். பன்முகப்படுத்தப்பட்ட நிதி அவருடைய சட்டைப்பைக் காசு அல்ல, திறைசேரிப் பணம். வேலை பிழைத்தால் மட்டும் 'வீதி சேதமடைந்துள்ளது' என்று எழுவாய் மறைந்துவிடும்.

இதில் ஒரு எச்சரிக்கை. எழுவாய் மறைவதெல்லாம் சாய்வு அல்ல. சில வேளை பயம். 2006 மே 2ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் உதயன் அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் ஊழியர் இருவர் இறந்தார்கள். 2013 ஏப்ரல் 3ஆம் திகதி அதே பத்திரிகையின் கிளிநொச்சி அலுவலகம் தாக்கப்பட்டது. அந்தக் காலத்தில் வடக்கில் செய்தி எழுதியவர்களின் கை 'இனந்தெரியாத' என்ற சொல்லுக்குப் பழகிப்போனது. இன்னும் முழுதாக விடுபடவில்லை.

கண்ணால் நிதானிக்க முடியாவிட்டால் அடிமட்டம் எடுங்கள். தொடர்ந்து நான்கு இதழ்களில் ஒவ்வொரு கட்சிக்கும் கிடைத்த செய்தியைப் பத்தி அகலம் பார்த்துச் சென்ரிமீற்றரில் அளந்து கூட்டுங்கள். படத்தைத் தனியாகக் கூட்டுங்கள். பதவியில் இருப்பவருக்கு இயல்பாகவே கூட வரும். அதைப் பெரிதாக எடுக்காதீர்கள். அவரைக் கேள்வி கேட்கும் செய்தி நான்கு இதழிலும் ஒன்றுகூட இல்லையா என்பதையே பாருங்கள்.

எங்கள் உள்வீதிக்குக் கிறவல் போட்டார்கள். இரண்டு மாதத்தில் பள்ளமும் திட்டியும். பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தோம், வரவில்லை. எப்படி எழுதினால் வரும்?
– கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர், மல்லாவி

நீங்கள் அனுப்பிய பிரதியைப் பார்த்தோம். இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்க ஊரின் வரலாறு. வீதியின் பெயர் இரண்டாம் பக்கத்தில் வருகிறது. எண் ஒன்றும் இல்லை. 'ஊழல்' என்ற சொல் மட்டும் ஐந்து இடத்தில் இருக்கிறது. ஆசிரியர் இதைப் போட்டால் ஒப்பந்தகாரர் வழக்குப் போடுவார், நீதிமன்றத்தில் காட்ட ஆசிரியரிடம் ஒரு கடதாசியும் இருக்காது. அவர் விட்டது சரி.

முதலில் கணக்கு. வீதி 1,000 மீற்றர், அகலம் 3 மீற்றர், இறுக்கியபின் கனம் 150 மில்லிமீற்றர் என்றால் 450 கன மீற்றர் கிறவல் வேண்டும். ஒரு கியூப் 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். ஆகவே ஏறக்குறைய 159 கியூப். இது உருளை ஓடி இறுகிய அளவு. தளர்வாகக் கொட்டும்போது கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு கூட வேண்டும். 200 கியூப் அளவில் வரும். மூன்று கியூப் ஏற்றும் ரிப்பர் லொறி என்றால் அறுபத்தைந்து, எழுபது லோட். வீதிக்கரை வீட்டுக்காரர் எண்ணியது முப்பது என்றால் கேட்பதற்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. உடனே களவு என்று எழுதாதீர்கள். திட்டத்தில் கனம் 100 மில்லிமீற்றர் என்று இருந்திருக்கலாம். அப்படியானால் 300 கன மீற்றர்தான் கணக்கு. லோட் எண்ணிக்கையும் குறையும்.

எது உண்மை என்பதை அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஏ, பி தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். உள்வீதி பெரும்பாலும் பிரதேச சபை. கடிதம் இழுபடுவது அநேகமாக இந்த இடத்தில்தான், முகவரி பிழைப்பதால். சரியான இடத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 'ஏன் ஒழுங்காகப் போடவில்லை' என்று கேட்டால் பதில் வராது. சட்டம் தருவது ஆவணத்தை, விளக்கத்தை அல்ல. ஆகவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: கந்தோரில் பி.ஓ.கியூ. என்று சொல்லும் அளவுப் பட்டியல், ஒப்பந்தம், அளவீட்டுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், கொடுப்பனவு உறுதிச்சீட்டு, வேலை முடிவுச் சான்றிதழ். வீதியின் பெயர், வேலை நடந்த மாதம், ஆண்டு எல்லாம் இருக்கட்டும்.

கையில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்குக் கடிதம் வாங்குங்கள். இல்லாவிட்டால் பதிவுத் தபால். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவு வரவேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பலர் முதல் மௌனத்தோடு விட்டுவிடுகிறார்கள். கந்தோரும் அதைத்தான் எதிர்பார்க்கிறது.

ஆவணம் வந்தபின் பத்திரிகைக்கு ஒரு பக்கம் போதும். முதல் இரண்டு வரியில் எந்த வீதி, எத்தனை குடும்பம், என்ன பிழை, எத்தனை ரூபா. ஆவணப் பிரதியை இணையுங்கள். நிருபர் எடுத்துக் கேட்கக்கூடிய இருவரின் தொலைபேசி இலக்கம் கொடுங்கள். பள்ளத்துக்குள் அடிமட்டத்தை நிறுத்திப் படம் எடுத்து, வட்ஸ்அப்பில் டொக்கியுமென்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், பேப்பரில் மை பரவி இன்னும் கறுக்கும். இன்னொன்று: பல இடங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் பக்கம் கட்டுகிறார்கள். யூனிகோட்டிலிருந்து மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். ஆட்களின் பெயரைத் தனியாகக் கையாலும் எழுதி அனுப்புங்கள்.

எங்கள் ஊர்ப் பத்திரிகை முன்பு நன்றாகத் தட்டிக்கேட்டது. இப்போது கடைசிப் பக்கத்தில் அரசியல்வாதியின் படம், உள்ளே மௌனம். விலைபோய்விட்டாரா?
– கடை உரிமையாளர், புதுக்குடியிருப்பு

கடைசிப் பக்கம் ஏன் என்பதற்கு அச்சுக்கூடத்தில் ஒரு காரணம் இருக்கிறது. 8 பக்கச் சிறிய பத்திரிகையில் 1ஆம் பக்கமும் 8ஆம் பக்கமும் தாளின் ஒரே புறத்தில் அருகருகே ஓடும். கறுப்பு வெள்ளைக்கு ஒரு பிளேட் (அச்சுத் தகடு) போதும்; நிறத்துக்கு நான்கு. முகப்பை நிறத்தில் அடிக்க நான்கு பிளேட் போட்டாகிவிட்டால் 8ஆம் பக்கத்துக்கும் நிறம் இனாம். அந்தப் பக்கத்தைத்தான் ஆசிரியர் நல்ல விலைக்கு விற்கலாம். பொங்கல், வற்றாப்பளைப் பொங்கல், ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா வந்தால் வாழ்த்துச் செய்தி போட முதலில் ஓடிவருபவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

விற்பனையில் வருவதைப் பாருங்கள். பிரதி 50 ரூபா, 1,000 அடித்து 300 திரும்பி வந்தது, கடைக்காரர் கழிவு 20 வீதம் என்று வைத்துக்கொண்டால் கிழமைக்கு 28,000 ரூபா. இதற்குள் கடதாசி, பிளேட், அச்சுக் கூலி, பஸ்ஸில் பொதி அனுப்பும் காசு, பக்கம் கட்டுபவர், நிருபர். கடதாசி இறக்குமதி. 2022 மார்ச்சில் தட்டுப்பாடு வந்தபோது கொழும்பின் 'தி ஐலண்ட்', 'திவயின' ஆகியவற்றின் அச்சுப் பதிப்பே நின்றது. ஒருவரின் ஒரு பக்க விளம்பரம் அந்தக் கிழமை அச்சுக் கூலியைக் கட்டுகிறதென்றால் அவரைப் பற்றி எழுதப் பேனை தயங்கும். யாரும் வந்து மிரட்ட வேண்டியதில்லை.

விலைபோனாரா என்று தீர்ப்புச் சொல்லுமுன் இரண்டு விஷயம் பாருங்கள். காசு வாங்கிப் போட்டதற்கு மேலே 'விளம்பரம்' என்று இருக்கிறதா, செய்தி உடுப்புப் போட்டு வருகிறதா? விளம்பரம் கொடுத்தவரைப் பற்றிய கெட்ட செய்தி மற்றப் பத்திரிகையில் வந்த கிழமை இங்கே என்ன வந்தது? தேர்தல் காலமென்றால் இன்னொரு வழியும் உண்டு. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் வரவு செலவுக் கணக்குக் கொடுக்கவேண்டும். பத்திரிகை விளம்பரமும் அதற்குள் அடங்கும்.

நீங்கள் கடைக்காரர் என்பதால் கேட்கிறோம்: உங்கள் கடை விளம்பரம் அதில் கடைசியாக எப்போது வந்தது? நாற்பது கடையின் சிறு விளம்பரம் உள்ள பத்திரிகையை ஒருவர் வாங்குவது கஷ்டம்.

உலகத்தில் எங்கேயாவது சிறு நகரப் பத்திரிகை ஆசிரியர் தேசிய அரசியலை அசைத்திருக்கிறாரா?
– உயர்தர மாணவர், மன்னார்

அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தின் எம்போரியா என்ற சிறு நகரில் வில்லியம் அலன் வைட் 1895இல் 'எம்போரியா கசட்' பத்திரிகையை வாங்கினார். அடுத்த ஆண்டு அவர் எழுதிய ஒரு தலையங்கத்தைக் குடியரசுக் கட்சியினர் பெருந்தொகையாக மறு அச்சிட்டு ஜனாதிபதித் தேர்தலுக்குப் பரப்பினார்கள். 1923இல் தலையங்கத்துக்கான புலிற்சர் பரிசு. ஆனால் 1924இல், கூ குளுக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்புக்கு எதிராக, தானே ஆளுநர் பதவிக்குச் சுயேச்சையாக நின்றபோது தோற்றார். மற்றவரை ஏற்றிவிடும் பேனை சொந்தக்காரருக்கு வாக்குச் சேர்க்கவில்லை.

மறுபக்கம், ஒஹாயோவின் மேரியன் நகரில் 'மேரியன் ஸ்ரார்' பத்திரிகையை நடத்திய வொரன் ஹார்டிங் 1921இல் அமெரிக்க ஜனாதிபதியாகவே வந்தார். ஊழல் விவகாரங்களால்தான் அவருடைய ஆட்சி இன்று நினைவுகூரப்படுகிறது.

நம் பக்கத்தில் பாதை வேறு. தலைவர்களே பத்திரிகை தொடங்கினார்கள்: செல்வநாயகம் 1947இல் 'சுதந்திரன்' தொடங்கினார், 1949இல் தமிழரசுக் கட்சி. வன்னியிலிருந்து போர்க்காலத்தில் வந்த 'ஈழநாதம்' புலிகளின் பத்திரிகை. ஆட்சி செய்வோரே நடத்தும் பத்திரிகையின் ஆசிரியருக்குச் செல்வாக்கு எவ்வளவு என்று அளப்பதில் அர்த்தமில்லை.

பத்திரிகை ஆசிரியர் தேர்தலில் நிற்கலாமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

தடை இல்லை. உதயன் நிர்வாக இயக்குநர் சரவணபவன் 2010இல் யாழ். மாவட்ட எம்.பி. ஆனார். நிற்கிறவர் வேட்புமனுக் கொடுத்த அன்றே ஆசிரியர் கதிரையை இன்னொருவருக்குக் கொடுத்து, அதைப் பத்திரிகையில் அறிவிப்பது மரியாதை. அப்படிச் செய்தாலும் சனம் நம்பாது என்பது வேறு கதை.

எங்கள் பத்திரிகை கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் விற்கிறது. தேர்தல் நேரம் ஏன் பாதிச் செய்தி எங்களுக்குச் சம்பந்தமில்லாமல் இருக்கிறது?
– வாசகி, பரந்தன்

பரந்தன் வன்னிதான், வாக்கு யாழ்ப்பாணத்துக்கு. கிளிநொச்சி மாவட்டம் யாழ். தேர்தல் மாவட்டத்துக்குள் வருகிறது. வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது வவுனியா, முல்லைத்தீவு, மன்னார், ஆசனம் ஆறு. கட்சிக்கு ஒரு வாக்கும் மூன்று வேட்பாளர் வரை விருப்பு வாக்கும் போடலாம் என்பதால் ஒரே கட்சிக்காரர் தங்களுக்குள் அடிபட்டு, தங்கள் விருப்பு இலக்கத்தைப் பெரிதாகப் போடச்சொல்லி வருவார்கள். பத்திரிகை இரண்டு மாவட்டத்து வேட்பாளரையும் கலந்துபோட்டால் வாசகர் இலக்கத்தை மாறிக் குத்தவும் கூடும். பக்கத்தைப் பிரித்து, மேலே தேர்தல் மாவட்டப் பெயர் போடச்சொல்லி ஆசிரியருக்கு எழுதுங்கள்.

என் பெயரைப் பிழையாகச் சம்பந்தப்படுத்திச் செய்தி வந்துவிட்டது. பொலிஸில் முறைப்பாடு கொடுக்கலாமா?
– வாசகர், முருங்கன்

அவதூறு இப்போது குற்றவியல் குற்றம் அல்ல, 2002இல் நீக்கிவிட்டார்கள். மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டுச் சிவில் வழக்குப் போடலாம். அது காசும் காலமும் தின்னும். அதற்கு முன் ஆசிரியருக்கு எழுதுங்கள். இதழ்த் திகதி, பக்கம், பிழையான வரி அப்படியே, சரியான வரி, அதற்கான அத்தாட்சி. கோபத்தை வேறு கடதாசியில் எழுதி வீட்டில் வைத்துவிடுங்கள். முதல் பக்கத்தில் வந்த பிழைக்கு 6ஆம் பக்க மூலையில் திருத்தம் போட்டால் ஏற்காதீர்கள். அதே பக்கம் கேளுங்கள்.

ஆசிரியர் மறுத்தால் இரண்டு வாசல்: ஊடகத்துறையினர் தாங்களே அமைத்த பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு, 1973ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழுள்ள இலங்கைப் பத்திரிகைப் பேரவை. பத்திரிகையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்கவேண்டும். அதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரியே இல்லாத தேர்தல் காலத் துண்டுப்பிரசுரம் என்றால் ஆசிரியரைத் தேடிப் பயனில்லை. தேர்தல் அலுவலகத்துக்குப் போங்கள்.

செய்தித் துண்டுகளைச் சேர்த்து வைக்கிறேன். மஞ்சளாகி உடைகிறது. என்ன செய்யலாம்?
– ஓய்வுபெற்ற கிராம அலுவலர், நெடுங்கேணி

செய்தித்தாள் மரக்கூழில் செய்வது. வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகும், தடுக்க முடியாது. புதிதாக இருக்கும்போதே வெள்ளைத் தாளில் போட்டோப்பிரதி எடுத்துவிடுங்கள். செலோரேப் ஒட்டவேண்டாம், பசை எழுத்துக்குள் ஊறும். ஸ்ரேப்ளர் கம்பி மாரியில் துருப்பிடிக்கும். தகரப் பெட்டி நல்லது. கறையானுக்கு நிலத்திலிருந்து ஓரடி உயர்த்தி வையுங்கள். துண்டை வெட்டுமுன் பத்திரிகையின் பெயர், திகதி, பக்கம் மூன்றையும் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். திகதியில்லாத துண்டை ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் நீட்டினால் 'இது எப்ப வந்தது?' என்ற ஒரு கேள்வியோடு கதை முடிந்துவிடும். பழைய இதழ் தேவையானால் 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகத்தில் முதலில் தேடுங்கள். இல்லாவிட்டால் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம்.